அளவு தெரியாத இலை

சதுரகிரி ஏறி இறங்கியவர் மடியில் ஏதாவது ஒரு வேரோ பட்டையோ இல்லாமல் ஊர் திரும்புவது அபூர்வம். இந்த ஆடி அமாவாசைக்குப் போன மாமா கொண்டுவந்தது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான காய்ந்த இலை. காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ வருவதற்குள் தினத்தாள் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டார்.

"மாப்ளே, இது காட்டுப் போயிலையாம். இளைப்புக்குக் கண்கண்ட மருந்துன்னு மலையில ஒருத்தரு குடுத்தாரு. கசாயம் வச்சு வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கணுமாம். குடிக்கலாமா?"

பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போன காலத்திலிருந்தே மாமாவுக்கு இளைப்பு உண்டு. கந்தகமும் அலுமினியப் பொடியும் பறக்கிற அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த நெஞ்சு அது. "குடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். சரியான பதில் வராவிட்டால் வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்றிவிடுவார். அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் செடி எது என்று தெரிய வேண்டும். மலையில் காட்டுப் புகையிலை என்று சொல்வது பெரும்பாலும் லொபீலியா நிக்கோஷியானிஃபோலியா என்ற செடியை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலைகளுக்கும் உரிய சொந்தச் செடி. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் உயரமான புல்வெளிச் சரிவுகளிலும் சாலை வெட்டிய மண்மேடுகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் தனித்தனியாக எழுந்து நிற்கும். தண்டு தடியாக இருந்தாலும் உள்ளே கூடு. அடி இலைகள் புகையிலை மாதிரியே நீண்டு அகன்றவை. ஓரத்தில் நுண்ணிய பற்கள், நடுவே வெளிறிய நரம்பு. உச்சியில் வெள்ளைப் பூக்கள் நீளமான கதிராகப் பூக்கும். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் குழல் முதுகுப் பக்கம் நெடுகக் கிழிந்திருப்பது தெரியும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். விதை முற்றியதும் தண்டு காய்ந்து அப்படியே நிற்கும். மகாராஷ்டிர மலைகளில் அந்தக் காய்ந்த தண்டை ஊதுகுழலாக்கியிருக்கிறார்கள்.

காரியாபட்டியின் கரிசலில் இது முளைக்காது. நம் சமவெளியில் ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், ஈரமுள்ள தரிசு போன்ற இடங்களில் வரக்கூடியது வேறு செடி: நிக்கோஷியானா பிளம்பாஜினிஃபோலியா. இதுதான் உண்மையிலேயே புகையிலைக்குப் பங்காளி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து களையாகப் பரவியது. இடுப்பளவு வளரும், தரையோடு ஒட்டி ஒரு வட்டமாக இலை விடும், செடி முழுக்கச் சொரசொரவென்று மயிர் இருக்கும், மெல்லிய நீண்ட குழல் பூக்கள் சாயங்காலம் விரியும். மூன்றாவதாக மரப் புகையிலை ஒன்று உண்டு, நிக்கோஷியானா கிளாக்கா. அதுவும் தென் அமெரிக்கச் செடிதான், வறண்ட நிலத்தில் மரம்போல உயரும். மயிரே இல்லாத வழவழப்பான சாம்பல் நீல இலை, மஞ்சள் குழல் பூ.

லொபீலியாவை மற்ற இரண்டிலிருந்து பிரித்துப் பார்க்க எளிய அடையாளம் பால்தான். லொபீலியாவில் பால் உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் காய்ந்து சருகாகித் தினத்தாளில் மடிந்து வரும் இலையில் பால் ஏது, பூ ஏது? மாமாவின் இலை எந்தச் செடியுடையது என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொடுத்தவர் சொன்ன பெயரை நம்பித்தான் பேச வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் முதல் ஆபத்தே அதுதான்.

லொபீலியா ஒரு குடும்பம். புகையிலை வேறு குடும்பம். புகையிலையின் உறவுக்காரர்கள் கத்தரி, தக்காளி, மிளகாய், ஊமத்தை. லொபீலியாவுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டும் மனித உடம்பில் போய்த் தட்டுகிற கதவு ஒன்றுதான். புகையிலையில் இருப்பது நிக்கோட்டின். மரப் புகையிலையில் அதற்கு நெருங்கிய அனபாசின். லொபீலியாவில் லொபெலின். மூன்றும் காரநச்சுகள் என்கிற வகையைச் சேர்ந்தவை. மூன்றும் நரம்பு முனைகளில் ஒரே இடத்தில் போய் உட்காருகின்றன.

"நரம்புல உக்காந்தா என்ன ஆகும்?" என்றார் மாமா.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை, சத்தத்தை மட்டும் நம்புகிறார். நரம்பும் தசையும் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன. அங்கே விசில், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். இப்போது படியில் தொங்கும் எவனோ ஒருவன் அதே சத்தத்தில் விசில் ஊதுகிறான் என்று வையுங்கள். முதலில் பஸ் தாறுமாறாகக் கிளம்பும், நிற்கும், குலுங்கும். அவன் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் டிரைவர் எந்த விசிலையும் காதில் வாங்க மாட்டார். கண்டக்டரின் விசிலும் அதோடு சேர்ந்து வீணாகிவிடும்.

நிக்கோட்டினும் லொபெலினும் படியில் தொங்குகிற அந்த ஆள்தான். முதல் கட்டம் கிளர்ச்சி: வாயில் எரிச்சல், எச்சில் பெருக்கு, குமட்டல், வாந்தி, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. உள்ளே போனது அதிகமாக இருந்தால் இரண்டாம் கட்டம்: தசை சோர்ந்துபோகும், நாடி தளரும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். மூச்சு விடும் தசைகளுக்குச் செய்தி போகாமல் நின்றுவிட்டால் உயிர் போகும். இளைப்புக்காகக் குடித்த கசாயம் மூச்சையே நிறுத்தக்கூடியது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

அப்படியானால் பழைய ஆட்கள் இதை இளைப்புக்குக் கொடுத்தார்களே, அது பொய்யா? பொய் இல்லை. லொபீலியா இலையை இளைப்புக்கும் மார்ச்சளிக்கும் கொடுத்த வழக்கத்தை மூலிகை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. வாந்தி வருவதற்கு முன் எச்சில் ஊறுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் மூச்சுக்குழலிலும் நீர் சுரந்து கெட்டிச் சளி இளகும். நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரி இருக்கும். ஆகவே குணம் தெரிவது நிஜம். ஆனால் அந்தக் குணம் நஞ்சு வேலை செய்யத் தொடங்கியதன் முதல் படியில் கிடைப்பது. அடுத்த படி வாந்தி. அதற்கடுத்த படி நான் மேலே சொன்னது. படிகளுக்கு இடையே இடைவெளி மிகக் குறைவு.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே லொபீலியா இன்ஃப்ளாட்டா என்று இதன் சின்னத் தங்கை ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடி மக்களுக்குத் தெரிந்த செடி. சாமுவேல் தாம்ஸன் என்ற நாட்டு வைத்தியர் அதைத் தன் வைத்தியத்துக்கே தலைமை மருந்தாக்கினார். வாந்தி எடுக்க வைத்து நோயை வெளியேற்றுவது அவர் முறை. அவரிடம் வைத்தியம் பார்த்த ஓர் இளைஞர் இறந்துபோக, 1809இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் அவர்மேல் கொலை வழக்கு நடந்தது. தாம்ஸன் விடுதலையாகிவிட்டார். லொபீலியா வைத்தியமும் நிற்கவில்லை, அடுத்த பல பத்தாண்டுகள் அமோகமாக நடந்தது.

பிறகு வேதியியலர்கள் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் ஹைன்ரிச் வீலாண்டு லொபெலினைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். பின்னாளில் வேறு ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கியவர் இவர். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சைத் தூண்ட லொபெலின் ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. நிக்கோட்டின் உட்காருகிற இடத்திலேயே இதுவும் உட்காருவதால், புகைப்பழக்கத்தை விடுவதற்கான மாத்திரையாகவும் பல ஆண்டுகள் கடைகளில் விற்றது. கடைசியில் அதனால் பலன் உண்டு என்பதற்குச் சான்று போதவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1993இல் அந்த விற்பனைக்குத் தடை போட்டது. இலையிலிருந்து பிரித்து, எடைபோட்டு, மாத்திரையாக்கிய பிறகும் அது தேறவில்லை. அதே சரக்கை இலையாக வேகவைத்துக் குடித்தால் தேறும் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

"அப்ப நாட்டு மருந்து எல்லாமே ஏமாத்தா?" என்று மாமா கொஞ்சம் சூடானார்.

இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஊமத்தையைக் காயவைத்து அதன் புகையை இழுத்தால் இளைப்பு தணியும் என்பது நம் பக்கத்துப் பழைய கைமுறை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கக் கள்ளித் தோட்டம் போட்டவரும் இவர்தான். இவரிடமிருந்து அந்த முறையைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஆஸ்துமா சிகரெட்டாக மாறி 20ஆம் நூற்றாண்டு வரை விற்றது. ஊமத்தையிலிருந்து கிடைக்கும் அட்ரோபினை வேதியியலர்கள் மாற்றி அமைத்து இப்ராட்ரோப்பியம் என்ற மருந்தை உண்டாக்கினார்கள். இன்றைக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சில இன்ஹேலர்களில் இருப்பது அதுவோ அதன் வாரிசோதான்.

ஊமத்தையும் கொடிய நஞ்சுதான். ஒரு காயை அரைத்துக் கொடுத்தால் ஆளைப் பித்தாக்கிவிடும், கொல்லவும் செய்யும். ஆனால் அதில் நல்லது செய்யும் பகுதியைப் பிரித்து, உடம்பு முழுக்கப் பரவாமல் மூச்சுக்குழலோடு நிற்கும்படி மாற்றி, ஒரு தடவை அழுத்தினால் இத்தனை மைக்ரோகிராம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். நம் முன்னோர் கண்ட குணம் வீண்போகவில்லை. அதற்கு அளவு சேர்ந்தது, அவ்வளவுதான்.

சித்த மருத்துவமும் அளவைத்தான் சொல்கிறது. எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், நாபி போன்றவற்றைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொட மாட்டார். இன்ன நீரில் இத்தனை நாள் ஊற வைக்க வேண்டும், இன்ன சாற்றில் வேக வைக்க வேண்டும், இன்ன அனுபானத்தோடு இத்தனை குன்றிமணி எடை கொடுக்க வேண்டும், இன்னாருக்குக் கொடுக்கவே கூடாது என்றெல்லாம் முறை இருக்கிறது. இந்திய மருந்து விதிகளில் இ-1 அட்டவணை என்று ஒன்று உண்டு. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. அதில் சித்த மருத்துவப் பகுதியில் ஊமத்தை, எட்டியோடு புகையிலையும் இருக்கிறது. அவை சேர்ந்த மருந்தின் பாட்டிலில், மருத்துவரின் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

மரபு என்றால் இலை, முறை, அளவு, கொடுக்கத் தெரிந்த ஆள் நான்கும் சேர்ந்தது. மலையில் ஒருவர் சொன்ன வாய்வார்த்தையோடு நம் கைக்கு வந்து சேர்வது இலை மட்டும்தான். மற்ற மூன்றும் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டன. "ஒரு டம்ளர்" என்பது அளவே இல்லை. எந்த உயரத்தில், எந்த மாதத்தில், பூப்பதற்கு முன்பா பின்பா பறித்தது என்பதைப் பொறுத்து இலைக்கு இலை காரநச்சு மாறும். விதை இன்னும் காரம். இலையோடு ஒட்டி வந்த நான்கு விதைக் கூடுகள் கசாயத்தையே வேறாக்கிவிடும். கொதிக்கக் கொதிக்கச் சுண்டினால் நஞ்சும் சேர்ந்து செறிவாகும். ஒரு சிகரெட்டில் சுமாராக 10 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. பற்றவைத்து இழுக்கிறவர் உடம்பில் சேர்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான், மீதி எரிந்தும் காற்றிலும் போய்விடும். அதே தூளை ஊறவைத்து விழுங்கினால் கணக்கே வேறு. குழந்தைகள் பீடித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு வாந்தி எடுப்பது இதனால்தான்.

காட்டுப் புகையிலையோடு வாழ்ந்தவர்களின் வழக்கங்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். இந்தச் செடிகளை உடம்புக்கு வெளியே பயன்படுத்திய வழிகள் ஏராளம். லொபீலியா இலையையும் புகையிலையையும் பூச்சி விரட்ட வைத்திருந்தார்கள். மலைக்காட்டில் மழைக்காலத்தில் நடப்பவர்கள் அட்டை ஏறாமல் இருக்கக் கால்களில் புகையிலை நீர் தடவிக்கொள்வார்கள். மாட்டின் உண்ணிக்கும் தலைப்பேனுக்கும் புகையிலைத் தண்ணீர் போட்டார்கள். கத்தரியில் அசுவினி விழுந்தால் புகையிலைக் கரைசல் தெளிக்கிற வழக்கம் இயற்கை விவசாயிகளிடம் இன்றும் இருக்கிறது.

அசுவினி சாவது எதனால்? நம் நரம்பில் இருக்கிற அதே பூட்டு பூச்சியின் நரம்பிலும் இருப்பதால். வெளியே தடவுவது என்பதால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். பனி ஈரத்தோடு புகையிலை இலை பறிக்கும் கூலியாட்களுக்கு அன்று மாலையே தலைசுற்றலும் வாந்தியும் வருவது உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த நோய். அதனால் கரைசல் தெளிக்கிறவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. குழந்தையின் தலையில் பேனுக்காகப் புகையிலைத் தண்ணீர் ஊற்றவே கூடாது; சொறிந்து புண்ணான தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும். நிக்கோட்டின் சல்ஃபேட் என்ற பூச்சிமருந்தை இந்தியாவில் பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. காய்ந்த லொபீலியாவை வெறுமனே நொறுக்கினாலே தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறித் தும்மலும் எரிச்சலும் கொடுக்கும். பட்டாசு மருந்தில் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழலுக்கு அது வேறு வேண்டுமா?

"ஆடு தின்னா?" என்றார் பக்கத்து பெஞ்சில் இருந்தவர். அவர் கவலை அவருக்கு.

பசுமை இருக்கும்வரை ஆடு இதில் வாய் வைக்காது, கசப்பும் காரமும் தடுத்துவிடும். கோடையில் வேறு ஒன்றுமே இல்லாதபோதுதான் ஆபத்து. மரப் புகையிலையில் கவனம் கூடுதலாக வேண்டும். சினை ஆடுகள் குறிப்பிட்ட நாட்களில் அதைத் தின்றால் மேலண்ணம் பிளந்த குட்டி பிறப்பதை அமெரிக்க வேளாண் துறையின் நச்சுச்செடி ஆய்வகம் சோதித்துக் காட்டியிருக்கிறது. மனிதர்களுக்கும் அந்தச் செடி ஆபத்தானது. வழவழப்பான இளம் இலையைக் கீரை என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தென்னாப்பிரிக்கா உட்பட பல நாடுகளில் உண்டு. பெயர் தெரியாத செடியைக் கீரைக்கட்டில் சேர்க்காதீர்கள் என்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

யாராவது ஏற்கெனவே குடித்துவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்போ மயக்கமோ வரப்போகிறவருக்கு வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மோரும் எலுமிச்சையும் இதற்கு மாற்று மருந்து அல்ல. மேலே பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108ஐ அழையுங்கள். மீதி இருக்கும் இலையையோ கசாயத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அதுதான் முதல் துப்பு. இன்னொன்று, சதுரகிரி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகப் பகுதி. அங்கிருந்து செடி கொடியை எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம்.

இளைப்புக்கு என்ன வழி என்றால், அரசு மருத்துவமனையில் நெஞ்சைக் காட்டி, ஊதச் சொல்லிச் சோதித்து, இன்ஹேலரை முறையாக இழுக்கக் கற்றுக்கொள்வதுதான். சித்த மருத்துவம்தான் பிடிக்கும் என்றால் அரசுச் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். தூதுவளை, ஆடாதொடை என்று அவர்களிடம் பழக்கமான வழிகள் இருக்கின்றன. ஆனால் கையிலிருக்கும் இன்ஹேலரை நிறுத்திவிட்டு எதையும் தொடங்கக் கூடாது.

மாமாவிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகவோ புகைக்கவோ முடியாது. வெடிபொருள் விதிகள் அதில் கண்டிப்பானவை. அதனால் பீடி விட்டவர்கள்கூட வாயில் அதக்கும் புகையிலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாமாவும் அப்படித்தான். 2016–17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே நாளெல்லாம் நிக்கோட்டின் ஊறிக்கொண்டிருக்கிற உடம்பில் லொபீலியா கசாயத்தையும் ஊற்றினால், ஒரே இடத்தில் இரண்டு பேர் விசில் ஊதுவார்கள். மேலும், மலையில் எப்போதோ கிடைக்கும் இலையால் நம் ஊரில் யாரும் கூட்டமாகச் சாவதில்லை. கன்னத்துக்குள் அதக்குகிற புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம்.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். மாமா நம்பவில்லை. "போயிலையை விடறதுக்குப் போயிலை விஷத்தையே திங்கச் சொல்றியா?" என்றார். ஆமாம், அதே நிக்கோட்டின்தான். ஆனால் அட்டையில் 2 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வாரத்தில் எப்படிக் குறைப்பது என்று டாக்டர் எழுதித் தருவார்.